முதலில் தலை, பிறகு கால்



இரண்டு மாதமாக நான் இந்தப் பக்கம் வரவில்லை. "சார், உடம்பு சரியில்லையா?" என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. பேத்திக்குத்தான் தலையில் அடிபட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். சொந்தக்காரர்களுக்குச் செய்தி அரைகுறையாகப் போய், ஆளுக்கொரு விதமாக விசாரிக்கிறீர்கள். சின்ன மைத்துனர் லாரி மோதிவிட்டதா என்று கேட்டார். அதனால் நடந்தது என்ன, அதில் என் தப்பு என்ன என்பதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்திக்கு வயது 7. ஐந்து மாதமாக ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். சனி, ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே பயிற்சி கொடுக்கும் தம்பி ரொம்பக் கண்டிப்பு. ஹெல்மெட், முழங்கால் பட்டை, முழங்கை பட்டை, மணிக்கட்டுப் பட்டை எல்லாம் மாட்டி, தாடைப் பட்டையை அவரே ஒரு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் தளத்தில் இறங்கவிடுவார். ஒரு நாள் ஒரு பையன் ஹெல்மெட்டை மறந்துவிட்டு வந்தான். ஒன்றரை மணி நேரமும் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார். அந்தப் பையனின் அப்பா சண்டைக்குப் போனார். "இந்த மாதிரி ஆட்கள்தான் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும்" என்று நான் வீட்டில் வந்து மெச்சினேன்.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்து வீட்டு வாசலில் இறங்கினோம். "தாத்தா, பின்னாடி போகக் கத்துக்கிட்டேன். பாட்டிக்குக் காட்டணும்" என்றாள். திண்ணையில் உட்கார்ந்து ஸ்கேட்டை மாட்டினாள். மாட்டிவிட்டு அவளே கேட்டாள்: "தாத்தா, ஹெல்மெட்?"

அது ஸ்கூட்டர் கொக்கியில் பையோடு தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதை எடுக்க நான்கு அடி நடக்க வேண்டும். நான் சொன்னேன்: "அது கிளாஸுக்குத்தானடா. இது நம்ம வாசல். அஞ்சு நிமிஷம்தானே."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் வாசலில் ஒரு புங்க மரம் இருக்கிறது. பின்னோக்கிப் போனவளின் சக்கரத்தில் ஒரு புங்கங்காய் மாட்டியது. சக்கரம் நின்றது, அவள் நிற்கவில்லை. மல்லாக்க விழுந்து, பின்மண்டை வாசல் சரிவின் சிமெண்ட் விளிம்பில் பட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு மனமில்லை.

சில நொடி அவள் அழவேயில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. பிறகு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு ஒருவன் சந்தோஷப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் மனைவி பழக்கத்தில் காபித்தூளை எடுக்க ஓடினாள். அதற்குள் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தக்கசிவு இல்லை, எலும்பும் தப்பித்தது. நான்கு தையல். ஓர் இரவு கண்காணிப்பில் வைத்தார்கள். அடிக்கடி எழுப்பிப் பெயர் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் பெயரைச் சொல்லும் வரை நான் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை செவிலியர் கேட்டார்: "ஏம்மா, ஹெல்மெட் போடலையா?" பேத்தி சாதாரணமாகச் சொன்னாள்: "தாத்தா வேண்டாம்னாங்க." குற்றம் சொல்லும் குரலே இல்லை. தாத்தா சொன்னார், சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான். என் மகனும் மருமகளும் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயிற்சியாளர் தம்பி பதறிப்போய் போன் செய்தார். "சார், என் கிளாஸ்ல ஒரு நாள்கூட ஹெல்மெட் இல்லாம நான் விட்டதில்ல சார்" என்றார். பழி தன் மேல் வருமோ என்ற பயம் அவருக்கு. "தம்பி, உங்கள் மேல் தப்பே இல்லை. தப்பு என்னுடையது" என்றேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தப்புச் செய்தவன் யார்? உங்கள் "முட்டை சார்".

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். உந்தம், கணத்தாக்கு பாடம் வந்தால் நான் இரண்டு முட்டை கொண்டுவருவேன். ஒன்றைச் சிமெண்ட் தரையில் போடுவேன். இன்னொன்றை அதே உயரத்திலிருந்து உமி நிரப்பிய வாளியில் போடுவேன். முதல் முட்டை தரையோடு போய்விடும், இரண்டாவது அப்படியே இருக்கும். "வேகம் ஒன்றுதான். நின்ற தூரம்தான் வேறு" என்று கரும்பலகையில் எழுதுவேன். முப்பத்து நான்கு வருடம் எழுதினேன். என் சொந்த வாசலில் அதை மறந்தேன்.

அந்தப் பாடத்தை இன்று ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஸ்கேட் மாட்டி நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையின் தலை அதற்கும் மேலே இருக்கிறது. அதாவது பிள்ளை ஓடவே வேண்டாம். நின்ற இடத்தில் மல்லாக்க விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். "மெதுவாத்தானே ஓட்டுறா" என்பது பதிலே இல்லை.

அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. விழுந்த உயரத்தை, நின்ற தூரத்தால் வகுத்துப் பாருங்கள். வெறும் தலை சிமெண்டில் 2 மில்லிமீட்டரில் நிற்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்கு விடை 500. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 500 மடங்கு. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் விடை 50. இது கரும்பலகைக் கணக்குதான், உண்மையான விழுகை இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் பத்துக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைப் பாருங்கள். ஹெல்மெட்டின் மேல் ஓடு பளபளப்பாக இருக்கிறதா, கார்ட்டூன் படம் ஒட்டியிருக்கிறதா என்பதில் ஒன்றுமில்லை. உள்ளே நசுங்கிச் சாகும் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் வாளியில் இருந்த உமி.

இன்னொரு விஷயம், சக்கரம். சைக்கிள் சக்கரம் பெரியது, சின்னக் கல்லின் மேல் ஏறி இறங்கிவிடும். ஸ்கேட் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்குப் புங்கங்காயும் மலைதான். சக்கரம் நிற்கும், நிலைமத்தால் உடம்பு தொடரும். ஸ்கேட்டிங் தளத்தை வழுவழுப்பாகப் போட்டுத் தினமும் கூட்டி வைக்கிறார்கள். நம் தெருவில் ஜல்லி, மணல், தண்ணீர் தெளித்த ஈரம், நாய், பால்காரர் வண்டி எல்லாம் உண்டு. அப்படியானால் ஹெல்மெட் அதிகம் தேவைப்படுவது எங்கே? வகுப்பிலா, வாசலிலா? நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். நல்ல தளத்தில் மாட்டுகிறோம், மோசமான தளத்தில் கழற்றுகிறோம்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்று அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். ஹெல்மெட்டை நாம் தலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, இடத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். வகுப்பில் பயிற்சியாளர் இருக்கிறார், போடு. மெயின் ரோட்டில் போலீஸ் நிற்கிறார், போடு. சந்துக்குள் திரும்பியாச்சு, கழற்று. நாம் மாட்டுவது பார்ப்பவர் கண்ணுக்காக.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஐந்து மாதமாக அந்தப் பிள்ளையின் ஹெல்மெட் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கியபடியே வகுப்புக்குப் போய்வந்தது. பிள்ளை வெறும் தலையோடு பின்னால் உட்கார்ந்து வந்தாள். என் தலையில் மட்டும் ஹெல்மெட். ஸ்கேட்டிங்கின் வேகத்துக்கு ஹெல்மெட் வேண்டும், நாற்பதில் போகும் ஸ்கூட்டருக்கு வேண்டாம்! 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, இருசக்கர வாகனத்தில் போகும் 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று தெளிவாகவே எழுதினார்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. குழந்தையை ஓட்டுநரோடு பட்டையால் பிணைக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் அந்தப் பட்டை கட்டிய குழந்தையை நான் ஒரு கையில் எண்ணிவிடுவேன்.

ஆனால் அந்தச் சட்டம் மோட்டார் வண்டிக்கு. காலில் மாட்டும் சக்கரத்தைப் பற்றி அது பேசவில்லை. வெளிநாட்டில் பேசியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி இந்தச் செய்தி கேட்டுப் போன் செய்தாள். அங்கே 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பொதுச் சாலையிலோ பொதுப் பாதையிலோ சைக்கிள், ஸ்கேட் போர்டு, ரோலர் ஸ்கேட் எதில் போனாலும் ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளுக்கு 1994இல் வந்த விதியில் மற்றவற்றைப் பிறகு சேர்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உண்டு. "சார், இங்க பசங்க ஹெல்மெட் இல்லாம ஸ்கேட்டைத் தொடவே மாட்டாங்க. நீங்க அங்கயும் சட்டம் வேணும்னு எழுதுங்க" என்றாள்.

அம்மா, நீ சொல்வது புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்றது. அதனால் பதின்ம வயதுப் பிள்ளைகள் சைக்கிளையே விட்டுவிட்டார்களா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. நம் ஊரில் என்ன நடக்கும்? ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்த பிள்ளையிடம் ஹெல்மெட் இருக்கும். அண்ணனுடைய பழைய ஸ்கேட்டை ஆளுக்கொரு காலில் மாட்டிக்கொண்டு தெருவில் ஓடும் இரண்டு பிள்ளைகளைத்தான் லத்தி துரத்தும். விளையாடுகிற பிள்ளைக்கு அபராதம் போடுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. விதி வேண்டும். ஆனால் அந்த விதியின் பாரம் பெரியவர்கள் தோளில் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கும் வகுப்பு, போட்டி நடத்தும் பள்ளி, பிள்ளைகள் வட்டமடிக்கும் பார்க்கிங்கை வைத்திருக்கும் அபார்ட்மெண்ட் சங்கம், ஸ்கேட்டை விற்கும் கடைக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் இருக்கும் நாம். பிள்ளை எங்களிடம் கேட்டது. பெரியவன்தான் வேண்டாம் என்றேன்.

இனி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

"நாங்கெல்லாம் மரத்துல ஏறி, கிணத்துல குதிச்சு வளர்ந்தோம், எந்த ஹெல்மெட் போட்டோம்?" உண்மை. பிழைத்தவர்கள்தான் இந்தக் கதையைச் சொல்ல இருக்கிறோம் என்பதும் உண்மை. அது மட்டுமல்ல, நாம் விழுந்தது மண்ணில். இன்று வாசல் சிமெண்ட், தெரு கான்கிரீட், மொட்டை மாடி டைல்ஸ். விழும் பிள்ளை மாறவில்லை, தரை மாறிவிட்டது.

"இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் பிள்ளை பயந்தாங்கொள்ளி ஆகிவிடும்." நான் பார்த்தது நேர் எதிர். வகுப்பில் எல்லாப் பட்டையும் கட்டிய பிள்ளைகள்தான் துணிந்து விழுகின்றன, சிரித்துக்கொண்டே எழுந்திருக்கின்றன. நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அந்தப் படங்களைப் பாருங்கள். தலையில் ஹெல்மெட் இருக்கிறது. உலகத்திலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கே அது தேவைப்படுகிறது. பின்னோக்கிப் போகப் போன வாரம் கற்றுக்கொண்ட ஏழு வயதுக்குத் தேவையில்லையா?

"வேர்க்குது, முடி கொட்டுது, ஜடை போட முடியல." திருச்சி வெயிலில் வேர்க்கத்தான் செய்யும். காற்றுத் துளை உள்ளதாக வாங்குங்கள், உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டுங்கள். உச்சிக் கொண்டையும் தலை நிறையப் பூவும் வைத்தால் ஹெல்மெட் உட்காராது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தாழ்வாக ஒரு பின்னல் போதும்.

"ஹெல்மெட் போட்டாலும் அடிபடத்தானே செய்யும்?" படும். ஸ்கேட்டிங்கில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டு, அதை ஹெல்மெட் காப்பாற்றாது. மூளைக்கு வரும் அதிர்ச்சி எல்லாவற்றையும் அது தடுத்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் உடைந்த கையை எலும்பு டாக்டர் ஒட்டிவிடுவார். மண்டைக்குள் இருப்பதற்கு மாவுக்கட்டு கிடையாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேட்டிங்கில் பிள்ளைகள் மல்லாக்க விழுவார்கள், அதனால் பின்மண்டையை நன்றாக மூடும் ஹெல்மெட்டாகப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒட்டுத்தாளில் EN 1078 அல்லது ASTM F1492 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். "வளருற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள், அது பள்ளிச் சீருடை இல்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், காதுக்குக் கீழே பட்டைகள் சேர வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். மாட்டிய பிறகு தலையை ஆட்டச் சொல்லுங்கள். தலையை விட்டுத் தனியாக ஆடக் கூடாது. பலமாக ஒரு தடவை அடிவாங்கிய ஹெல்மெட்டின் தெர்மாகோல் உள்ளே நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. அதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கேட்டிங் ஹெல்மெட் ஸ்கூட்டருக்கு ஆகாது, அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு தனியாக வேண்டும். "ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஹெல்மெட்டா?" என்று என் தங்கை கேட்டாள். ஒரு பிள்ளைக்கு ஏழு பாவாடை சட்டை இருக்கிறதே அம்மா.

தலையில் அடிபட்டால், காயம் தெரிகிறதோ இல்லையோ, வாந்தி, மயக்கம், வழக்கத்தை மீறிய தூக்கம், அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காபித்தூளை வைத்து அழுத்திவிட்டுப் படுக்கவைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு விதி. இடத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. வகுப்பு, வாசல், மொட்டை மாடி, கூடம் எதுவாக இருந்தாலும் முதலில் தலை, பிறகு கால். ஹெல்மெட்டின் பக்கிள் "டக்" என்று மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் காலை ஸ்கேட்டுக்குள் விட வேண்டும். கழற்றும்போது முதலில் கால், பிறகு தலை. ஐந்து நிமிடத்துக்கும் இதேதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த விதி ஒரே நாளில் புரிந்துவிட்டது. எனக்குப் புரியத்தான் நான்கு தையல் தேவைப்பட்டது.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, போன ஞாயிறுதான் மறுபடி வகுப்புக்குப் போனாள். என் பயத்தை அவளிடம் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னோக்கிப் போனாள், ஒரு தடவை விழுந்தாள், எழுந்தாள், எனக்குக் கை காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்றாள். பாட்டி வேண்டாம் என்றாள். நான் துடைப்பத்தை எடுத்து வாசலில் கிடந்த புங்கங்காயையெல்லாம் கூட்டினேன். நான்கு அடி நடந்து போய் ஹெல்மெட்டை எடுத்துவந்தேன். "டக்" என்று மாட்டிவிட்டு, தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்தேன்.

"தாத்தா, டைட்டா இருக்கு" என்றாள். ஒரு விரல் நுழைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

உங்களில் பல பேருக்கு இப்போது அந்த வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கேயாவது ஸ்கேட், சைக்கிள், ஸ்கூட்டர் என்று சக்கரத்தில் ஏறப்போகிறார்கள். இன்று மாலை அவர்களை உட்காரவைத்து இரண்டு முட்டை, ஒரு வாளி உமி வைத்துச் செய்து காட்டுங்கள். உமி கிடைக்காத ஊரில் பஞ்சுத் தலையணை போதும். முதல் முட்டை உடைந்ததற்கு வீட்டில் திட்டினால், முட்டை சார் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்